மூன்று குரலில் நாட்டுப்புறப் பாட்டு: எங்களிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நீங்கள் யார், எந்த ஊர்க்காரர்கள்?

பாலக்காடு மாவட்டம், சித்தூர் தாலுகா. கொழிஞ்சாம்பாறைக்கும் கோபாலபுரத்துக்கும் இடைப்பட்ட பகுதி. ஆந்திரத்துச் சித்தூரா என்று கேட்டு போன் செய்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்; அது இல்லை. எங்களுக்கு ரேஷன் கார்டு கேரளத்தில், கொண்டான் கொடுத்தான் எல்லாம் பொள்ளாச்சி, கிணத்துக்கடவுப் பக்கம்.

மூன்று பேர் பாடுகிறோம். மெட்டைப் பிடிப்பவர் அக்கா, வயதிலும் அவர்தான் மூத்தவர். மேல்குரல் அவருடைய சித்தி மகள். கீழ்க்குரல் நான். இந்தப் பதில்களை எழுதுவதும் நான்தான், அதனால் கீழ்க்குரலுக்குக் கொஞ்சம் சாய்வாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். குழுவுக்குப் பெயர் வைக்கவில்லை. நோட்டீஸ் அடிப்பவர்கள் அவரவர் இஷ்டத்துக்கு ஒன்று போட்டுக்கொள்கிறார்கள், நாங்களும் விட்டுவிட்டோம்.

எல்லாக் குழுவிலும் கூடித்தானே பாடுகிறார்கள்? இதில் என்ன புதுசு?

கும்மியிலும் நடவிலும் முன்பாட்டு ஒருவர் பாடுவார், பின்பாட்டு மற்றவர்கள் பாடுவார்கள். பின்பாட்டில் இருபது பேர் இருந்தாலும் மெட்டு ஒன்றுதான். நாங்கள் சில இடங்களில் ஒரே வரியை ஒரே நேரத்தில் மூன்று வேறு சுரங்களில் பாடுகிறோம். சில இடங்களில் மட்டும்தான். பாதிப் பாட்டுக்கு மேல் அக்கா தனியாகத்தான் பாடுவார். மேடைக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவர்களில் சிலர் "மத்த ரெண்டு பேரும் எதுக்கு நிக்கறாங்க?" என்று கேட்டிருக்கிறார்கள். நியாயமான கேள்விதான். நிற்பதும் எங்கள் வேலையில் ஒரு பகுதி.

ஹார்மனி மேல்நாட்டுச் சரக்கு. அதை நம் பாட்டில் ஒட்டவைக்கலாமா?

ச-க-ப என்று குரல்களை அடுக்கிப் பாடுவது நம் நாட்டுப்புறப் பாட்டில் இருந்ததில்லை. எங்கள் பாட்டி காலத்திலேயே இருந்தது என்று கதை விட எங்களுக்கு விருப்பமில்லை. ஆனால் ஒரே நேரத்தில் பல குரல் கேட்பது நமக்குப் பழக்கம்தான். கும்மி வட்டத்தில் கிழவி கீழ் ஸ்தாயியில் பாடுவாள், சிறுமி அதையே மேல் ஸ்தாயியில் பாடுவாள். நாதஸ்வரத்துக்கு ஒத்து ஒரே சுரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. உடுக்கைக்காரர் பாடும்போது பின்னால் ஒருவர் "ஆமா"வை இழுத்துக்கொண்டே போவார். குரல்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறுவது அங்கெல்லாம் நடக்கிறது.

அடுக்கிப் பாடுவதைத் தமிழர்கள் தேவாலயக் கொயரில் தலைமுறைகளாகக் கேட்டு வருகிறார்கள். மலையாளப் படங்களுக்கு இசையமைத்துப் பேர் வாங்கிய எம்.பி. சீனிவாசன் சென்னையில் மெட்ராஸ் யூத் கொயரைத் தொடங்கி, பல மொழிப் பாட்டுகளைக் கூட்டாகப் பாட வைத்தார். நாங்கள் மூவரும் கற்றுக்கொண்ட இடம் இவ்வளவு பெரியதில்லை. கேரளத்துப் பள்ளிக் கலைவிழாவான கலோத்சவத்தில் 'சங்ககானம்' என்று ஒரு போட்டி உண்டு, குழுப்பாட்டு. தமிழ் மீடியம் பள்ளியில் படித்தாலும் அதற்குப் போகலாம். அங்கேதான் ஒரு குரல் போகும் வழியில் இன்னொரு குரல் போகாமல் இருக்கப் பழகினோம்.

ஒட்டவைக்கலாமா என்று கேட்டால், ஒட்டவைத்தது தெரியாத அளவுக்கு என்றால் சரி. தெரிந்தால் தப்பு.

ஒரு பாட்டை எப்படி மூன்றாகப் பிரிக்கிறீர்கள்?

பாட்டுத் தெரிந்தவர்கள் அதிகம் கேட்கும் கேள்வி இது, அதனால் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன்.

முதலில் அக்கா அந்தப் பாட்டைத் தனியாகப் பாடிப் பாடிப் பழக்குவார். நாங்கள் இருவரும் வாயைத் திறப்பதில்லை, கைத்தாளம் மட்டும். பாட்டில் என்னென்ன சுரம் வருகிறது என்று கவனிப்போம். எங்கள் பக்கத்துக் கும்மி மெட்டுகள் பெரும்பாலும் ஐந்தாறு சுரங்களுக்குள் முடிந்துவிடும். அந்த ஐந்தாறுதான் எங்களுக்கு எல்லை. பாட்டில் இல்லாத சுரத்தை மேல்குரலும் தொடக்கூடாது, கீழ்க்குரலும் தொடக்கூடாது.

கீபோர்டு பழகியவர்கள் சுலபமாக ஒன்று செய்வார்கள். மெட்டுக்கு இரண்டு சுரம் தள்ளி இன்னொரு குரலை அதே போக்கில் கூடவே ஓடவிடுவார்கள். முதல் வரி இனிக்கும். இரண்டாவது வரிக்குள் அம்மிச்சி பாடிய பாட்டு காணாமல் போய், நகைக்கடை விளம்பரம் கேட்க ஆரம்பித்துவிடும். கூடவே ஓடுகிற குரல் மெட்டில் இல்லாத 'த'வையும் 'நி'யையும் உள்ளே இழுத்து வந்துவிடுவதால் வரும் வினை அது.

எங்கள் முறைக்கு ஒரு உதாரணம். ச ரி க ம ப, இந்த ஐந்துக்குள் ஓடும் ஒரு கும்மி மெட்டை எடுத்துக்கொள்ளுங்கள். நாங்கள் பாடும் சுருதி 4½ கட்டை. பெண்களுக்குக் கொஞ்சம் தாழ்வு, எனக்குக் கொஞ்சம் உயரம். வரி 'க'வில் வந்து நிற்கும்போது நான் 'ச', மேல்குரல் பாடும் தங்கை 'ப'. மூன்றும் சேர்ந்தால் நிறைந்து நிற்கும். வரி 'ரி'யில் வந்து நின்றால்தான் சிக்கல். அங்கே நான் 'ச'விலேயே இருந்தால் உரசும். அதனால் கீழ் 'ப'வுக்கு இறங்கிவிடுவேன், தங்கை மேல் 'ப'விலேயே இருப்பாள். ப-ரி-ப. இதில் இனிப்பு இருக்காது, அறுவடை முடிந்த காடு மாதிரி வெறுமையாக இருக்கும். கும்மிக்கு அதுதான் பொருத்தம். மெட்டு 'ச'வுக்கு வந்துவிட்டால் மூவரும் அங்கேயே சேர்ந்துகொள்வோம்.

அப்புறம் இரண்டு கட்டுப்பாடு. அக்கா ஒரு சுரத்தை ஆட்டும்போது நாங்கள் ஆட்டக் கூடாது, நேராகப் பிடிக்க வேண்டும். மூவரும் ஆட்டினால் யார் எங்கே இருக்கிறார் என்றே தெரியாது. இன்னொன்று, அக்கா ஒரு வரியை ஒரு நாள் இழுப்பார், இன்னொரு நாள் சட்டென்று முடிப்பார். அதை எண்ணிக்கை போட்டுக் கட்டக் கூடாது. மூச்சு எடுக்கும்போது அவருடைய இடது தோள் லேசாக உயரும். அதைப் பார்த்துத்தான் நாங்கள் நுழைகிறோம். மேடையில் நாங்கள் கூட்டத்தைப் பார்க்காமல் அவரையே பார்த்துக்கொண்டு நிற்பதற்குக் காரணம் இதுதான், கர்வம் இல்லை.

மூன்று குரலில் பாடவே மாட்டோம் என்று ஏதாவது பாட்டு உண்டா?

ஒப்பாரி. கேட்டு வருகிறவர்கள் நிறைய, மறுப்பதும் அதே அளவு. சாவு வீட்டில் பெண்கள் கட்டிப்பிடித்து உட்கார்ந்து ஒப்பாரி வைக்கும்போது கவனித்திருக்கிறீர்களா? ஒருத்தி தன் அப்பனைச் சொல்லி அழுவாள், பக்கத்தில் இருப்பவள் எப்போதோ செத்துப்போன தன் தம்பியைச் சொல்லி அழுவாள். ஒருத்தி தொடங்கிய வரி முடிவதற்குள் இன்னொருத்தி தொடங்குவாள். அவரவர் துக்கம், அவரவர் சுருதி. அதை ஒழுங்குபடுத்தி ச-க-ப என்று நிறுத்தினால் ஒப்பாரி செத்துவிடும். ஒப்பாரி வேண்டும் என்றால் அக்கா தனியாகப் பாடுவார், அதுவும் கேட்கிற இடத்தைப் பொறுத்து.

பொன்னர் சங்கரைப் பாடும் அண்ணன்மார் கதையையும் தொடுவதில்லை. அது உடுக்கையடித்து இரவிரவாகப் பாடுகிறவர்களின் சொத்து. அதிலிருந்து ஐந்து நிமிடத் துண்டு வெட்டி மேடையில் வைப்பது எங்களுக்குச் சரியாகப் படவில்லை.

தாலாட்டு பாடுவோம். அதில் என் பங்கு 'ம்' மட்டும்.

அட்டப்பாடி நஞ்சியம்மா பாடிய பாட்டைப் பாடுவீர்களா?

2022இல் அறிவித்த 68ஆவது தேசியத் திரைப்பட விருதுகளில் நஞ்சியம்மாவுக்குச் சிறந்த பின்னணிப் பாடகி விருது கிடைத்ததிலிருந்து இந்தக் கேள்வி வராத நிகழ்ச்சி இல்லை. அவரும் பாலக்காடு மாவட்டம், நாங்களும் பாலக்காடு மாவட்டம், மற்றபடி ஒரு தொடர்பும் இல்லை. அது இருளர் பாட்டு. இருள மொழி காதுக்குத் தமிழ் போலத் தோன்றுவதால் நம் பாட்டு என்று எடுத்துக்கொள்ள முடியாது. பாட மாட்டோம். அட்டப்பாடியிலேயே பாட்டுக்காரர்கள் இருக்கிறார்கள், அவர்களைக் கூப்பிடுங்கள். எங்களுக்குத் தருவதைவிடக் குறைவாகக் கொடுத்து அனுப்பிவிடாதீர்கள்.

மலையாள ஊர்களில் தமிழ்ப் பாட்டை யார் கேட்கிறார்கள்?

கேட்கிறார்கள், நன்றாகவே. பாலக்காட்டுக்காரர்களுக்குத் தமிழ்ப் பாட்டு புதிதில்லை. இங்கே பகவதி கோயில் கூத்துமாடங்களில் நடக்கும் தோல்பாவைக்கூத்தில் பாடுவது கம்பராமாயணம். பாணர்கள் ஆடும் பொறாட்டு நாடகத்தில் தமிழும் மலையாளமும் கலந்தே வரும். கேள்வி கேட்கிறவர் ஒரு மொழியில் கேட்க, வேஷம் கட்டியவர் இன்னொரு மொழியில் பதில் பாடுவதும் உண்டு. கண்யார்களி என்னும் கோயில் ஆட்டத்தின் பாட்டுகளிலும் தமிழ் கிடக்கிறது. எல்லை எங்கே என்பது ரோட்டில் செக்போஸ்ட் இருப்பதால் தெரிகிறது, பாட்டில் தெரியாது.

சித்தூரில் கொங்கன்படை என்று ஒரு திருவிழா நடக்கும். கொங்கு அரசன் படையெடுத்து வந்ததையும், பகவதி துணையோடு சித்தூர்க்காரர்கள் அவனை விரட்டியதையும் கொண்டாடுகிற விழா. அதே சித்தூரில் கொங்குக் கும்மி பாடிக் கைத்தட்டு வாங்கும்போது எங்களுக்குள் ஒரு சின்னக் குறும்புச் சந்தோஷம் இருக்கத்தான் செய்கிறது.

பழைய பாட்டுகள் எங்கே கிடைக்கின்றன?

வயலில் கிடைக்காது. பாலக்காட்டு வயல்களில் இப்போது நாற்று நடுகிறவர்களில் நிறையப் பேர் மேற்கு வங்கத்திலிருந்து வருகிறவர்கள். நடவுப்பாட்டு தெரிந்த தமிழ்ப் பெண்கள் தொழிலுறப்பு வேலைக்கு, அதாவது நூறு நாள் வேலைக்குப் போகிறார்கள். பத்து மணி டீக்கு மண்வெட்டியைப் போட்டுவிட்டு மர நிழலில் உட்காரும் அந்த நேரம்தான் எங்களுக்குப் பள்ளிக்கூடம். "பாட்டா? அதெல்லாம் மறந்துபோச்சு சாமி" என்றுதான் எல்லோரும் ஆரம்பிப்பார்கள். ஒருத்தி தப்பாகப் பாடினால் போதும், திருத்துவதற்கு நாலு பேர் வந்துவிடுவார்கள். அதனால் அக்கா வேண்டுமென்றே ஒரு வரியை மாற்றிப் பாடுவார்.

போனில் பதிவு செய்வதற்கு முன் கேட்டுவிடுவோம். வேண்டாம் என்றால் வேண்டாம். பாட்டைக் கொடுத்தவர் பேரை மேடையில் சொல்லலாமா என்றும் கேட்போம். சிலருக்கு அது பெருமை. சிலர், "எம் மருமகளுக்குத் தெரிஞ்சா வம்பு" என்பார்கள்.

கும்மிக்குக் கிழக்கே கோவைப் பக்கத்திலும் ஆசான்கள் இருக்கிறார்கள். 2024இல் வள்ளி ஒயில் கும்மிக்காகப் பத்ரப்பன் பத்மஸ்ரீ வாங்கினார். அதற்குப் பிறகு ஊர் ஊராகக் கும்மிப் பயிற்சி நடக்கிறது, நல்லதுதான். ஆனால் ஒரே சீருடை, ஒரே ஸ்பீக்கர் பாட்டு என்று ஆகும்போது, ஆடுகிறவர்கள் வாய் திறந்து பாடுவது குறைகிறது. எனக்கு அதில் வருத்தம் உண்டு.

பழைய பாட்டில் சாதிப் பேச்சு, கெட்ட பேச்சு வந்தால்?

இரண்டும் ஒன்றில்லை. மச்சானையும் கொழுந்தியாளையும் வைத்துக் கேலி பண்ணுகிற பச்சையான பாட்டுகளை அப்படியே பாடுவோம். கேட்டுவிட்டு முகம் சுளிக்கிற பெரியவர்கள்தான் கடைசியில் இன்னொரு தரம் கேட்பார்கள். பள்ளிக்கூட நிகழ்ச்சி என்றால் மட்டும் விட்டுவிடுவோம்.

ஒரு சாதியை மட்டம் தட்டும் வரி இருந்தால் பாட்டையே விட்டுவிடுவோம். வார்த்தையை மட்டும் மாற்றிப் பார்க்கலாமே என்று தங்கை சொல்வாள். அக்கா ஒத்துக்கொள்வதில்லை: "மெட்டு கேட்டதும் பழைய வார்த்தைதான் எல்லாருக்கும் ஞாபகம் வரும்." இந்தச் சண்டை எங்களுக்குள் இன்னும் முடியவில்லை. நான் அக்கா பக்கம்.

புதுப் பாட்டு யார் எழுதுகிறார்கள்? எதைப் பற்றி?

வரியைத் தங்கையும் நானும் எழுதுவோம், மெட்டு அக்கா வாயில் வர வேண்டும். வராவிட்டால் வரியைத் தூக்கிப் போட்டுவிடுவோம். நாட்டுப்புற மெட்டில் கருத்துச் சொல்லும் பாட்டு எழுதித் தரச் சொல்லி நிறையப் பேர் கேட்கிறார்கள். பிளாஸ்டிக் ஒழிப்பு, ஹெல்மெட், இந்த மாதிரி. முடிந்தவரை தப்பித்துக்கொள்கிறோம். பாட்டில் ஒரு ஆள் இருந்து, அவளுக்கு ஒரு பிரச்சினை இருந்தால்தான் கும்மி ஓடும்.

அதிகம் கேட்கப்படும் புதுப் பாட்டு தண்ணீர்ப் பாட்டு. பரம்பிக்குளம் ஆழியாறு ஒப்பந்தம் தமிழ்நாட்டுக்கும் கேரளத்துக்கும் இடையே 1970இல் கையெழுத்தானது. அதன்படி மணக்கடவில் வருஷத்துக்கு 7.25 டிஎம்சி தண்ணீர் கேரளத்துக்கு வர வேண்டும். அது வந்தால்தான் மூலத்தரைத் தடுப்பணை தாண்டி சித்தூர்ப் பக்கத்து வயல்கள் நனையும். வரத்துக் குறைந்த வருஷங்களில் இரண்டு பக்கமும் முறைப்பாடு. எங்களுக்கு உறவுக்காரர்கள் இரண்டு பக்கமும் விவசாயம் செய்கிறார்கள், யாரைத் திட்டிப் பாடுவது? அதனால் காத்திருக்கிற ஒருத்தியை மட்டும் பாடினோம்.

*ஆழியாத் தண்ணி அணதாண்டி வருதுன்னு*
*ஆரோ சொன்னாங்க தன்னானே – நானும்*
*வாய்க்கா வரப்புல வந்து குந்திக்கிட்டேன்*
*வயலு நனையலயே தன்னானே*

இந்தப் பாட்டில் ஒவ்வொரு 'தன்னானே'யும் 'ரி'யில் நிற்கும், ப-ரி-ப. தண்ணீர் வரும் கடைசிக் கண்ணி வரை 'ச'வுக்கு இறங்குவதே இல்லை. யாரும் இதைக் கவனித்துச் சொன்னதில்லை. ஆனால் கடைசிக் கண்ணியில் கூட்டம் அசைந்து உட்காருவதைப் பார்க்கலாம்.

என்ன வாத்தியம் வைத்துக்கொள்கிறீர்கள்?

சுருதிப்பெட்டி, ஜால்ரா, உடுக்கை. உடுக்கை நான் வாசிப்பது. நடுவிலிருக்கும் கயிற்றை அமுக்கினால் நாதம் ஏறும், விட்டால் இறங்கும். அது குரலோடு மோதும் என்பதால் மூன்று குரலும் சேரும் இடத்தில் உடுக்கையை நிறுத்திவிடுவேன். செண்டை சேர்த்துப் பாடலாமே என்று கேட்பவர்களுக்கு: செண்டை அடித்தால் நாங்கள் வாயசைத்தால் போதும்.

மைக் செட் எப்படி வேண்டும்?

நிகழ்ச்சி நன்றாக அமைவதும் கெடுவதும் பாதி இதில்தான் இருக்கிறது. எங்களுக்கு ஒரே மைக் போதும். அக்கா நடுவில் நெருங்கி நிற்பார், நாங்கள் இரண்டு பக்கமும் ஒரு கை தள்ளி. யார் குரல் எவ்வளவு கேட்க வேண்டும் என்பதை நின்ற இடத்தை வைத்து நாங்களே பார்த்துக்கொள்வோம். மூன்று மைக் வைத்தால் அந்த முடிவு மிக்சர் பக்கம் உட்கார்ந்திருப்பவர் கைக்குப் போய்விடும். அவர் மேல்குரலைத்தான் பாட்டு என்று நினைத்து ஏற்றிவிடுவார்.

எக்கோ வேண்டவே வேண்டாம். இதைச் சொன்னால் மைக் செட் அண்ணன்களுக்கு வருத்தம் வருகிறது. "வெறுங்குரலா கேக்குமுங்க, நல்லாவா இருக்கும்?" என்பார்கள். தனிக்குரலுக்கு எக்கோ அழகு கொடுக்கலாம். மூன்று குரலில் என்ன ஆகிறது என்றால், முந்தைய வரியின் 'க' அடங்குவதற்குள் அடுத்த வரியின் 'ரி' வந்துவிடுகிறது. நாங்கள் அபசுரம் பாடியது போலவே கேட்கும். ஒரு திருவிழாவில் நாங்கள் கும்பிட்டுக் கேட்டுக்கொண்ட பிறகும், மூன்றாவது பாட்டில் அந்தக் குமிழ் தானாகத் திரும்பிவிட்டது. அக்கா மைக்கை ஆஃப் செய்துவிட்டு மேடையை விட்டு இறங்கி, பெண்கள் உட்கார்ந்திருந்த பக்கம் போய் நின்று பாடினார். நாங்களும் பின்னாலேயே போனோம்.

எவ்வளவு நேரம் பாடுவீர்கள்?

ஒன்றரை மணி நேரம். திறந்த வெளியில் இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணி வரை ஒலிபெருக்கி கூடாது என்று 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள் சொல்கின்றன, அது இரண்டு மாநிலத்துக்கும் பொது. 'சிறப்பு விருந்தினர் வந்ததும் ஆரம்பிக்கலாம்' என்று ஒன்பதரை மணிக்கு மேடை ஏற்றினால் அரை மணி நேரம்தான் பாட முடியும்.

உங்கள் பாட்டை ரெக்கார்ட் செய்து யூட்யூபில் போடலாமா? உரிமை யாருக்கு?

பழைய பாட்டுக்கு ஆசிரியர் இல்லை, யார் வேண்டுமானாலும் பாடலாம். ஆனால் ஒருவர் பதிவு செய்த ஒலிக்கு அவருக்கு உரிமை உண்டு. புதுப் பாட்டு என்றால் 1957ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டப்படி எழுதியவர் காலத்துக்குப் பிறகும் 60 ஆண்டுகள் உரிமை இருக்கும். நீங்கள் எடுத்த வீடியோவைத் தாராளமாகப் போடுங்கள், பாட்டைக் கொடுத்த பாட்டியின் பேரை நாங்கள் மேடையில் சொல்லியிருந்தால் அதையும் கீழே எழுதுங்கள். ஊருக்கே தெரிந்த ஒரு கும்மிப் பாட்டை நாங்கள் ஏற்றியபோது, அது தங்களுடையது என்று ஒரு கம்பெனி உரிமை கேட்டது. எதிர்த்து எழுதியதும் விட்டுவிட்டார்கள். ஆனால் எழுத வேண்டியிருந்தது.

சினிமாப் பாட்டு பாடுவீர்களா?

மாட்டோம். கல்யாண வீடுகளில் இதற்காகவே எங்களை விட்டுவிட்டு வேறு ஆர்க்கெஸ்ட்ரா பிடித்தவர்கள் உண்டு.

நாங்களும் மூன்று பேர் இருக்கிறோம். எப்படி ஆரம்பிப்பது?

மூவருக்கும் ஏற்கெனவே தெரிந்த ஒரு தாலாட்டை எடுங்கள். சுருதிப்பெட்டி வேண்டும், போனில் இருக்கும் ஆப்பும் போதும். ஒருவர் மெட்டு பாட, மற்ற இருவரும் 'ஆராரோ' வரும் இடத்தில் மட்டும் 'ச'வையும் 'ப'வையும் பிடியுங்கள். காதைப் பொத்திக்கொண்டு பாடாதீர்கள். பக்கத்தில் இருப்பவர் குரல் உங்கள் காதில் விழாவிட்டால் நீங்கள் சத்தமாகப் பாடுகிறீர்கள் என்று அர்த்தம். எல்லோரும் செய்கிற தவறு, இரண்டாம் நாளே ஹார்மனியை எல்லா வரிக்கும் கொண்டுபோவது. மெட்டு பாடுபவர் மற்ற இருவரையும் மறந்து பாடும் அளவுக்கு வந்த பிறகு அடுத்த வரியைச் சேர்த்துக்கொள்ளலாம்.

நிகழ்ச்சிக்கு எவ்வளவு கேட்பீர்கள்?

தூரத்தையும் இடத்தையும் பொறுத்துப் பேசிக்கொள்ளலாம். அரசுப் பள்ளிக்கும் குடும்பஸ்ரீ மகளிர் குழுக் கூட்டத்துக்கும் பஸ் காசு போதும். மற்றவர்கள் முன்பணம் கொடுத்தால்தான் தேதி குறிப்போம். பாடுவதற்கு முன்னால் நாங்கள் சாப்பிடுவதில்லை. முடிந்ததும் மூன்று பேருக்கும் நல்ல பசி இருக்கும், பந்தியில் எடுத்து வைத்துவிடுங்கள்.